பெட்டியை உரித்த கை

மகனுக்கு,

இன்று காலை கடையைத் திறக்கவில்லை. தேற்றாத்தீவில் என் கடை பூட்டிக் கிடந்தால் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்றுதான் ஊர் நினைக்கும். அதற்குள் இரண்டு பேர் படலையில் எட்டிப் பார்த்து, சுகம்தானா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சுகம்தான். உனக்குக் கடிதம் எழுதுவதற்காகப் பூட்டினேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் இந்தப் பேச்சை எடுத்தால் கொழும்பில் உடனே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்த வருத்தம் இல்லை. வாசிக்கும்போது உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். நேற்றிலிருந்து என் நெஞ்சில் நிற்கிற கோபத்தை நான் ஒருத்தியே வைத்துக்கொண்டிருக்க முடியாது.

நேற்றுப் பின்னேரம் நீ கலியாண வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாய். பெண் வீட்டுக்குப் புறப்படும் முன் நம்முடைய ஆட்கள் எத்தனை பேர் இங்கே கூடுவார்கள், எத்தனை வேன், எத்தனை கதிரை. நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன். பிறகு, வருகிறவர்களுக்கு நீட்டும் வெற்றிலை வட்டாவைப் பற்றிச் சொன்னாய். "வட்டாவில வெத்திலை பாக்கோட சிகரட்டும் இருக்கோணும் அம்மா. பெட்டியோட வச்சிராதீங்க. நல்ல காரியத்துக்கு அந்தப் புண்ணுப் படம் அவலட்சணம். எடுத்து வடிவா அடுக்கி விடுங்க." சிகரட் இல்லாத வட்டாவை ஆட்கள் மதிக்கமாட்டார்கள் என்று பெரியமாமாவும் சொன்னாராம். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். அவலட்சணம் என்ற சொல் உன்னுடையது இல்லை, மகனே. இந்த வீட்டில் அதை முதலில் சொன்னவள் நான். எந்த நாளில், யாரிடம் சொன்னேன் என்பது உனக்குத் தெரியாது. அன்று நீ பந்தலுக்கு வாழை கட்டிக்கொண்டு நின்றாய். அதைச் சொல்லத்தான் இவ்வளவு ஆயத்தம்.

அதற்கு முன் உன்னுடைய காரியத்தைப் பேசிவிடுகிறேன். போன மாதம் நிச்சயத்துக்கு வந்து நின்றபோது உன் காற்சட்டையைத் தோய்க்க எடுத்தேன். பையில் கனமாக ஒன்று இருந்தது. வெள்ளி நிறத்தில் ஒரு தகட்டுப் பெட்டி. மூடியில் பூ வேலை. முதலில் யாருக்கோ நகை வாங்கியிருக்கிறாய் என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன், பைத்தியக்காரி. திறந்தால் சிகரட். அன்றைக்கே பின்வளவில் வாழையடியில் கடைப் பெட்டி ஒன்று வெறுமையாகக் கிடந்தது. கழுத்தில் கட்டி வெடித்த மனிதனின் படம் போட்ட பெட்டி. உள்ளே இருந்ததைத் தகட்டுப் பெட்டிக்குள் மாற்றிவிட்டு, அந்த மனிதனைக் குப்பையில் எறிந்திருந்தாய். கஸ்தூரிக்குச் சிகரட்டை விட்டுவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தவன் நீ. அந்தப் பிள்ளை அதை நம்பித்தான் ஓம் என்றாள், அவளே என்னிடம் சொன்னாள். நான் கேட்டதற்கு நீ சொன்ன பதிலும் எனக்கு மறக்கவில்லை. "விடத்தான் பாக்கிறன் அம்மா. அந்தப் படத்தப் பாத்தா எரிச்சல் வருகுது. எரிச்சல் வந்தா இன்னும் ஒண்டு பத்தோணும் போல கிடக்கு. அதான் இதுக்குள்ள போட்டு வச்சிருக்கன்." என்ன அருமையான நியாயம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். பூனைக்குப் படிப்பில்லை. உனக்குக் கம்பஸ் வரைக்கும் படிப்பு.

உன்னைத் திட்டுவதற்கு எனக்கு வாய் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. இந்த வித்தையை நீ கடையில் வாங்கவில்லை, வீட்டில் படித்தாய். சிகரட் பெட்டியில் படம் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் வந்த காலத்தை நினைத்துப் பார். பெட்டியின் முக்கால்வாசிக்கு மேல் புண்ணும் சீழும்தான். முதல் பெட்டியை நான் கடையில் நிறுத்தி வைத்தபோது அதற்குப் பக்கத்தில் இருந்த பிஸ்கட்டைக்கூட ஆட்கள் வாங்கக் கூசினார்கள். ஒற்றைச் சிகரட் கேட்டு வருகிறவர்கள் நான் பெட்டியைத் திறக்கிற நேரத்தில் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். சிலர் சிரித்துச் சமாளித்தார்கள். ஒருவர் ஒவ்வொரு நாளும் வந்து, "தொண்டை வேணாம் அக்கா, பல்லுப் படம் உள்ள பெட்டியில இருந்து தாங்க" என்பார். பல்லுக்கு மட்டும்தான் அவருக்கு ஆபத்து என்று கணக்கு. சிரித்தவர்கள் சிரிக்கட்டும், ஆனால் கை ஒரு கணம் நின்றது. அதை நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு நாளும் கண்டேன். ஒன்று கேட்டு வந்தவன் சில வேளை இனிப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு போனான். அந்தப் படத்தைப் போட்டவர்களுக்கு வேண்டியதும் அந்த ஒரு கணம்தான்.

எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. வியாபாரம் படுக்கப் போகிறது என்று பயந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, என் மூளையிலேயே உதித்தது. பால்மாத் தகரம் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, பெட்டிகளை உரித்துச் சிகரட்டுகளை அதற்குள் நிறுத்தி வைத்தேன். படம் அடுப்புக்குப் போனது. சந்தையில் கீரை எடுப்பது போல ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அரசாங்கம் சட்டத்தைப் பெட்டியில் எழுதியது, நான் பெட்டியையே இல்லாமல் செய்துவிட்டேன். இதைக் கெட்டித்தனம் என்று எல்லோரும் மெச்சினார்கள். மற்றக் கடைக்காரர்களும் என்னைப் பார்த்துத் தகரம் வைத்தார்கள். தன் பெட்டியில் புண்ணைப் போட வேண்டி வந்ததற்காக எரிந்து விழுந்த கம்பனி, எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்களுக்குக் கோயில் கட்டியிருக்க வேண்டும். காசு கொடுத்தாலும் யாரும் அவ்வளவு விசுவாசமாக வேலை செய்திருக்க மாட்டார்கள்.

இனி உன் அப்பா. அவர் வட்டை விதானையாக இருந்தது உனக்கு நினைவிருக்கும். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் அந்த வட்டை வயல்வெளி முழுவதற்கும் எந்த நாளில் யாருக்குத் தண்ணீர் என்று சொல்கிறவர் அவர்தான். எல்லோர் கையிலும் போன் வந்த பிறகும் அவர் வரப்பில் நின்று கூப்பிட்டால்தான் வேலை நடந்தது என்பார். அந்தக் குரலை நீ கேட்டிருக்கிறாய். வாய்க்காலின் அந்தத் தலைப்பில் நிற்கிறவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பான். அந்த மனிதர் சிகரட்டை விடுவதற்கு எத்தனையோ தரம் பார்த்தார். ஒவ்வொரு வருடமும் சித்தாண்டித் திருவிழாவில் முருகனுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணுவார். திரும்பி வரும் வழியில் அடுத்த ஊரான வந்தாறுமூலைக்குக் கிட்ட வரும்போதே கை பையைத் தடவும். நான் ஏசுவேன். ஏசினால் இன்னும் இரண்டு கூடும். நான் ஏசி ஒரு மனிதன் விட்டான் என்று இந்த ஊரில் கதை இல்லை.

அவரை நிறுத்தியது அந்தப் படம்தான். மாரி விதைப்புக்கு முதல் கிழமை, கடையில் நான் உரிக்கப் போன, அந்தக் கழுத்துக்கட்டி மனிதன் இருந்த பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். நான் பக்கத்தில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். "இவனும் ஒருத்திட புருசன்தானே, பாவம்" என்றார். அவ்வளவுதான். எல்லோரும் அந்தப் படத்தில் புண்ணைப் பார்த்தார்கள், இவர் ஆளைப் பார்த்துவிட்டார். வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டு போய், சவரம் எடுக்கிற கண்ணாடிக்குப் பக்கத்தில் தன் முகத்துக்கு நேராக நிறுத்தி வைத்தார். நானும் உன் தங்கச்சியும் அருவருத்தோம், சாமிப் படம் இருக்கிற வீட்டில் இது என்ன கோலம் என்று சண்டை பிடித்தேன். அவர் அசையவில்லை. விதைப்பு முடிந்தது, களை பிடுங்கியது, கதிர் வந்தது, வெட்டும் முடிந்தது. ஒன்றுகூட இல்லை. கைநடுக்கம், எரிச்சல், இரவில் நித்திரை இல்லாமல் வளவைச் சுற்றி நடப்பு, எல்லாம் இருந்தது. தாங்க முடியாமல் போனால் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று பெட்டியைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு மாரி முழுவதும் அப்படிக் கிடந்தார். பதரான கருக்கா நெல்லு முளைத்தாலும் உங்களுக்கு இது சரிவராது என்று நான் பகிடி பண்ணியிருந்தேன். அந்தப் பகிடிக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அந்த வெட்டு முடிந்த கையோடுதான் உன் தங்கச்சி பெரியபிள்ளையாகி, அவளுடைய சாமத்திய வீடு வந்தது. அன்று காலையில் நான் ஒரு பாயை விரித்து, வட்டாவுக்கென்று எடுத்து வைத்த சிகரட் பெட்டிகளை ஒவ்வொன்றாக உரித்தேன். தண்ணீர் வார்க்கிற வீட்டில் அந்தப் புண்முகங்கள் இருக்கக்கூடாது என்று எனக்குப் பட்டது. வெள்ளை வெள்ளையாக எடுத்து வெற்றிலையைச் சுற்றி அடுக்கினேன். வடிவாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். உரித்த அட்டைகளோடு கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்ற பெட்டியையும் எடுத்து அடுப்புக்குள் போட்டேன். உன் அப்பா சவரம் எடுக்க வந்து தேடினார். "எங்க புள்ள அந்தப் பெட்டி?" என்று கேட்டார். "இண்டைக்கு ஒரு நாளைக்கு அந்த அவலட்சணம் வீட்டுல வேணாம்" என்றேன். அவர் முகத்தில் சவுக்காரத்தைத் தடவினார்.

நம்முடைய வழக்கம் உனக்குத் தெரியும். வீட்டுக்காரன்தான் வட்டாவைக் கையில் ஏந்தி, வந்தவர்களுக்கு முன்னால் குனிந்து நீட்ட வேண்டும். வேறு யாரிடமும் கொடுத்தால் வந்தவருக்கு மரியாதைக் குறைவு. நான் அந்த வட்டாவை எடுத்து, ஒரு மாரி முழுவதும் தன்னோடு மல்லுக்கட்டிய மனிதனின் இரண்டு கையிலும் வைத்தேன். நூறு பேருக்கு முன்னால் அவர் நூறு தரம் குனிந்து சிகரட் நீட்டினார். ஒவ்வொரு தரமும் அது அவருடைய மூக்குக்குக் கீழேதான் இருந்தது. வெறும் வெள்ளை, படமில்லை, பாவம் என்று சொல்ல ஒரு முகமுமில்லை. பெரியமாமா ஒன்றை எடுத்துப் பற்றவைத்துவிட்டு, "நீங்களும் ஒண்டு எடுங்க மச்சான், மகள்ற நல்ல நாளில" என்று இன்னொன்றை எடுத்து நீட்டினார். தாய்மாமன் நீட்டியதைச் சபையில் மறுக்க முடியாது. நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். ஓடிவந்து தட்டிவிட்டிருக்கலாம். இன்றைக்கு ஒரு நாள்தானே என்று நினைத்தேன். அந்த ஒரு நாள் பிறகு முடியவே இல்லை. அடுத்த காலையில் தகரத்துக்குள் கைவிட்டு எடுத்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில் வேறு பெட்டி வைக்கவுமில்லை, நான் வைக்கச் சொல்லவுமில்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நீ கொழும்பில் இருந்தாய், முழுவதும் தெரியாது. குரல் கரகரத்தபோது பனி என்றார், கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். வரப்பில் நின்று கூப்பிட்டால் பக்கத்து வயல்காரனுக்கே கேட்காமல் போன பிறகுதான் ஆசுபத்திரிக்குப் போனோம். கழுத்தில் துளை போட்டார்கள். வட்டை முழுவதும் கேட்ட குரலுக்குப் பதிலாகப் பீங்கானில் கரண்டியால் தட்டி என்னைக் கூப்பிட்டார். காலையும் பின்னேரமும் நான்தான் அந்தத் துளையைத் துடைத்தேன். ஒரு நாள் துடைத்து முடிந்ததும் கண்ணாடியைக் காட்டச் சொல்லிக் கையால் கேட்டார். காட்டினேன். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி என்னிடம் நீட்டினார்: "பாத்தியா, உன்ட புருசன்." எழுதிவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்தார். நான் அடுக்களைக்குப் போய் நிலத்தில் குந்தி அழுதேன். அவர் என்னை ஒரு சொல்லும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் திருப்பிச் சண்டை பிடித்திருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். இன்னொன்றும் கேட்டுக்கொள். அவர் செத்து முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்து கடையைத் திறந்த அன்றும் ஒருவன் வந்து ஒன்று கேட்க, என் கை தானாகத் தகரத்துக்குள் போனது. உன் தங்கச்சிதான் அதைப் பறித்துக்கொண்டு போய் வாவிக்குள் எறிந்தாள். உன் அம்மா இப்படிப்பட்டவள்.

அதனால் இப்போது நான் சொல்வதை நல்லவள் ஒருத்தியின் புத்திமதி என்று எடுக்காதே. களவெடுத்தவள் களவுக்கு வழி எது என்று சொல்வதாக எடுத்துக்கொள். அந்தப் படம் உன்னைக் காப்பாற்றாது. மந்திரமா அது? ஒரு கணம் கையைப் பிடிக்கும், மிச்சம் உன் வேலை. அந்தக் கணத்தையும் வேண்டாம் என்று பூப்போட்ட தகட்டுப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டு, விடப் பார்க்கிறேன் என்று சொல்லாதே. எரிச்சல் வருகிறது என்றாயே, எரிச்சல் வரத்தான் அதைப் போட்டிருக்கிறார்கள். மருந்து போட்டால் புண் எரியத்தான் செய்யும். ஒற்றை ஒற்றையாக வாங்குவதையும் விடு. ஒற்றையாக வாங்குகிறவன் தான் எத்தனை குடிக்கிறான் என்று தனக்கே சொல்லமாட்டான், அப்படிப்பட்டவர்களுக்கு எத்தனையோ வருடம் எடுத்துக் கொடுத்தவள் நான். ஒற்றை விற்பனையை நிறுத்தப் போகிறார்கள், பெட்டிகளை எல்லாம் ஒரே நிறமாக்கப் போகிறார்கள் என்று பேப்பரில் பேச்சு அடிபடுகிறது. வரட்டும். வந்தாலும் என்னைப் போல ஒருத்தி தகரத்தோடும், உன்னைப் போல ஒருவன் தகட்டுப் பெட்டியோடும் இருந்தால் எந்தச் சட்டம் என்ன செய்யும்?

உன் பெரியமாமாவிடம் நான் பேசிவிட்டேன். சிகரட் இல்லாத வட்டாவை மதிக்காதவர்கள் வராமல் இருக்கட்டும் என்றேன். அவர் என் அண்ணன், இருமி இருமித்தான் பதில் சொன்னார். ஊர் என்ன சொல்லும் என்றார். இந்த ஊர் சொல்வதை நான் கேட்டது போதும். உன் கலியாணத்தன்று நான் சபைக்கு முன்னால் வரக்கூடாது, தாலி அறுத்தவள் அறைக்குள் இருக்க வேண்டும் என்று இப்போதே காதில் விழுகிறது. யோசித்துப் பார், மகனே. நல்ல காரியத்துக்கு ஆகாதவை இரண்டு. ஒன்று அந்தப் படம், மற்றது நான். என்னை இந்தக் கோலமாக்கிய சிகரட்டுக்கு மட்டும் நடுச்சபையில் வட்டாவில் இடம். இதைக் கேட்டு எனக்கு நெஞ்சு எரிகிறது. உனக்கும் எரிய வேண்டும்.

கலியாணம் முடிந்தால் வழக்கப்படி நீ சித்தாண்டியில் கஸ்தூரி வீட்டு மனிதன். அங்கே உன் வட்டாவில் என்ன இருக்க வேண்டும் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நீ புறப்படும் காலையில் இந்த வீட்டு வட்டா என்னுடையது. வெற்றிலை இருக்கும், பாக்கு இருக்கும், நடுவில் ஒரு சிகரட் பெட்டியும் இருக்கும். நீ வாழையடியில் எறிந்த பெட்டிதான். அன்றைக்கே எடுத்துத் துடைத்து வைத்துவிட்டேன். போன தரம் பெட்டியை உரித்து எறிந்துவிட்டு உள்ளதை அடுக்கினேன். இந்தத் தரம் உள்ளே ஒன்றும் இல்லை, படம் மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டுக்காரன் இல்லாத வீடு என்பதால் வட்டாவை நானே ஏந்திக்கொண்டு சபைக்கு நடுவால் வருவேன். யாரும் என்னைத் தடுக்கட்டும் பார்ப்போம். முதலில் மாப்பிள்ளைக்கு முன்னால்தான் குனிவேன். அப்போது முகத்தைத் திருப்பாதே. அவன் ஒருத்தியின் புருசன். நீயும் அன்றைக்கு ஒருத்தியின் புருசன் ஆகப் போகிறாய்.

அம்மா